கிருத்திகாவின் குழந்தைக்கு இருபத்தாறு

பதினெட்டு நிமிடம். ஆய்வுக்கூடக் கருவியின் ஊசி இறங்கிவிட்டது, இனி அதில் ஒரு நொடியைக்கூட யாராலும் குறைக்க முடியாது. குறைக்கத் தெரிந்தவள் ஒருத்தி இருந்தாள், இரண்டு வருடத்துக்கு முன்னால் இதே நாற்காலியில் உட்கார்ந்து பதினெட்டை நாலரையாகக் குறைத்தவள், அவளைத்தான் இந்தத் திரையின் இருண்ட ஓரத்தில் நரைத்த வகிடும் மூக்குக்கண்ணாடியுமாகப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது என்று நினைத்தபோது மரகதவல்லிக்குத் தன் முகத்தின் மீதே எரிச்சல் வந்தது. மணி பதினொன்று பத்து. பன்னிரண்டுக்கு ஆம்புலன்ஸ். கீழே இரண்டாம் மாடியில், குழந்தைகள் வார்டில், நான்கு மாதப் பெண்குழந்தை ஒன்று கையில் சுண்ணாம்புச்சத்து ஏறும் குழாயோடு படுத்திருக்கிறது. இரண்டு நாளில் மூன்று முறை வலிப்பு. கால்சியம் குறைவு, அது தெரிகிறது. ஏன் குறைவு என்பதுதான் தெரியவில்லை. விட்டமின் டி குறைந்திருந்தால் கதை அங்கேயே முடிந்துவிடும், சொட்டு மருந்தில் தீர்ந்துவிடும். ஆனால் விட்டமின் டி இருபத்தாறு. இருபதுக்கு மேல் இருந்தால் போதுமானது. போதுமானது என்று நேற்று மாலை ஐந்து நாற்பதுக்குக் கையெழுத்திட்டு அனுப்பியவள் மரகதவல்லி. அந்த இருபத்தாறை நம்பித்தான் வார்டு டாக்டர் நஸ்ரீன் வேறு வழியில் யோசிக்கத் தொடங்கினாள், கழுத்துச் சுரப்பியில் பிறவிக் கோளாறு, வாழ்நாள் முழுக்க மருந்து, முதலில் சென்னைக்கு அனுப்பி மரபணுவைப் பார்க்க வேண்டும், வழியில் பத்து மணி நேரம், வழியில் நான்காவது வலிப்பு வந்தால். வந்தால் என்ற இடத்துக்கு வந்ததும் மனம் மாடு மாதிரி நின்றுகொண்டது. அவள் திரையைப் பார்த்தாள். பச்சைக் கோடு. தட்டை.

தட்டையாகத்தான் இருக்கும், பத்து நிமிடம்வரை எதுவும் வராது, அது அவளுக்குத் தெரியாதா என்ன. குழந்தையின் இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த தெளிந்த நீர் அந்தச் சாண் நீள எஃகுக் குழாய்க்குள் இப்போது ஊர்ந்துகொண்டிருக்கும், ஒவ்வொரு சத்தும் தன் தன் வேகத்தில், சிலது குழாயின் உட்புறத்தைப் பற்றிக்கொண்டு, சிலது பற்றாமல். வெளியே வரும்போது பெரிய கருவி அதை எடை போடும். எடை போடுவதில் அந்தக் கருவிக்கு நிகரில்லை, ஒரு அணுவின் வித்தியாசத்தைக்கூடச் சொல்லிவிடும். ஆனால் எடையே ஒன்றாக இருக்கும் இரண்டை அது என்ன செய்யும்? பிறந்த குழந்தைகளின் உடம்பில் விட்டமின் டியோடு கூடவே அதன் நகல் ஒன்றும் சுற்றும். அதே அணுக்கள், அதே எடை, ஒரு மூலையில் ஒரே ஒரு கை மட்டும் கீழே தொங்குவதற்குப் பதில் மேலே திரும்பியிருக்கும். அவ்வளவுதான் வித்தியாசம். எலும்புக்கு அந்த நகலால் பெரிய பிரயோசனம் இல்லை. வளர்ந்தவர்களிடம் அது ஏறக்குறைய இல்லை. குழந்தைகளிடம் சில சமயம் பாதிக்குமேல். எடையால் பிரிக்க முடியாததை நேரத்தால்தான் பிரிக்க முடியும், நீளமான குழாயில், பொறுமையாக, பதினெட்டு நிமிடம் ஓடவிட்டால் உண்மையானது ஒரு எட்டு முன்னால் வரும், நகல் ஒரு எட்டு பின்னால் வரும். நாலரை நிமிடத்தில் இரண்டும் தோளில் கைபோட்டுக்கொண்டு ஒன்றாக வரும். கருவி இரண்டையும் சேர்த்து எடை போட்டு இருபத்தாறு என்று சொல்லும். பொய் சொல்லவில்லை, பாவம், கேட்டதற்குப் பதில் சொன்னது. கேட்டவள் கேட்ட விதம்தான்.

ரெஜினா பின்னால் வந்து நின்றாள். இருபத்தெட்டு வயது, இந்தக் கூடத்தில் மரகதவல்லிக்கு வலது கை. "மேடம், அழுத்தம் முந்நூத்திப் பத்து காட்டுது." "பாத்தேன்." "நானூறைத் தொட்டா பம்பு தானா நின்னுரும் மேடம்." "எனக்கே சொல்றியா நீ?" என்று கேட்டபின் அந்தக் குரலின் கூர்மை அவளுக்கே உறைத்தது. ரெஜினா ஒன்றும் தவறாகச் சொல்லவில்லை. இரண்டு வருடமாக இழுப்பறையில் கிடந்த பழைய நீளக் குழாய் அது. இரண்டு முனையும் மூடித்தான் வைத்திருந்தாள், ஆனாலும் உள்ளே காய்ந்திருக்கும், எங்கோ ஒரு துகள் அடைத்திருக்கும், அதனால்தான் அழுத்தம் ஏறுகிறது. நின்றுபோனால் உள்ளே போனது போனதுதான். நேற்று எடுத்த இரத்தத்தில் மிச்சமிருந்தது நூற்று இருபது மைக்ரோலிட்டர், இரண்டு மூன்று கண்ணீர்த் துளி அளவுதான், அதில் நூறை இப்போது செலவழித்துவிட்டாள். மீண்டும் வேண்டுமென்றால் மீண்டும் குத்த வேண்டும். நேற்றே நரம்பு கிடைக்காமல் நான்கு இடத்தில் குத்தினார்களாம். நான்கு இடத்தில். முந்நூற்றுப் பதினெட்டு. குழந்தைகளின் இரத்தத்தைப் பற்றி இந்தக் கட்டடத்தில் எல்லோரும் ஒரே தொனியில்தான் பேசுவார்கள், ஏதோ கோவில் தீர்த்தத்தைப் பற்றிப் பேசுவதுபோல, இவ்வளவுதான் கிடைத்தது, பார்த்துச் செலவு பண்ணுங்கள் என்று.

அங்கேதான், சரியாக அங்கேதான் தவறியது. குறுகிய முறையை அவள் உருவாக்கியபோது அதைச் சோதிக்க இரத்தம் வேண்டியிருந்தது, நாற்பது பேருடைய இரத்தம், பழைய முறையிலும் புதிய முறையிலும் ஓட்டி இரண்டும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க. ஆய்வுக்கூடங்களில் வழக்கம் என்னவோ அதைத்தான் அவளும் செய்தாள்: கூடத்தில் இருப்பவர்கள் எல்லோரும் சட்டைக் கையை மடக்கினார்கள். துறைத்தலைவர் பத்ரிநாத் முதலில் நீட்டினார். ரெஜினா, கணக்குப் பிரிவில் நாலு பேர், வாசல் காவலர், தன் பங்குக்கு மரகதவல்லியே. கேன்டீன் வேலுச்சாமி நாற்காலியில் உட்கார்ந்து, "என்ற ரத்தத்துல பாதி டீதானுங்க இருக்கும், மிஷினு கெட்டுப்போனா என்னைச் சொல்லக்கூடாது" என்றான், ஊசி ஏறும்போது கூடமே சிரித்தது. எவ்வளவு நல்ல நாள் அது. நாற்பது புள்ளிகளும் ஒரே கோட்டில் விழுந்தன, நூல் பிடித்தாற்போல, அப்படி ஒரு கோட்டை அவள் அதற்குமுன் வரைந்ததே இல்லை. அந்தக் கோட்டின்மேல் அவளுக்கு ஆசை வந்துவிட்டது, வேறென்ன சொல்ல. வீட்டுக்குக் கொண்டுபோய்க் கணவரிடம்கூடக் காட்டினாள். அவர் வரலாற்று ஆசிரியர், "நேரா இருக்கு, நல்லாருக்கு" என்றார். நாற்பது பேர். அதில் ஒரு குழந்தை இல்லை. யாரிடம் போய்க் கேட்பது, உன் பிள்ளையிடமிருந்து ஒரு மில்லி கொடு, எங்கள் கருவி சரியாக வேலை செய்கிறதா பார்க்க வேண்டும் என்று? யாரும் கேட்க மாட்டார்கள். எவ்வளவு நாகரிகமான, எவ்வளவு இரக்கமான தவறு. குழந்தைகளுக்கு இரக்கப்பட்டு அவர்களுடைய இரத்தத்தை எடுக்காமல் விட்டு, டீயும் வெற்றிலையும் ஓடுகிற நாற்பது பெரியவர்களின் இரத்தத்தை வைத்துக் குழந்தைகளுக்குத் தீர்ப்பு எழுதுவது.

தெரியாமல் செய்திருந்தால்கூட ஆறுதலாக இருக்கும். தெரியும். நகலைப் பற்றி அவள் படித்திருந்தாள், மஞ்சள் பேனாவால் கோடிட்டிருந்தாள், முறையின் கோப்பில் கடைசிப் பக்கத்தில் அழகான கையெழுத்தில் ஒரு வரி எழுதியும் வைத்தாள்: ஒரு வயதுக்கு உட்பட்டவர்களின் மாதிரிகளுக்கு நீண்ட முறையையே கையாளுதல் நலம். நலம்! என்ன ஒரு சொல். கல்யாணப் பத்திரிகையில் போடுகிற சொல். கட்டாயம் என்று எழுதியிருக்கலாம், குறுகிய முறையில் ஓட்டவே கூடாது என்று கணினியில் பூட்டுப் போட்டிருக்கலாம், கருவியின் நெற்றியில் சிவப்புத் தாள் ஒட்டியிருக்கலாம். எழுதிவைத்துவிட்டால் கடமை முடிந்தது என்று நினைக்கும் சாதி அவள். பள்ளிக்கூடத்திலிருந்தே அப்படித்தான், நோட்டில் இருந்தால் உலகத்தில் இருக்கிறது. கடைசிப் பக்கத்தை யார் புரட்டுகிறார்கள்? அவளே புரட்டவில்லை. முதல் வாரம் குழந்தைகளின் குப்பிகளைத் தனியே எடுத்து வைத்தாள், இரண்டாம் வாரம் கூட்டம், மூன்றாம் வாரம் நீளக் குழாயைக் கழற்றி மாட்ட அரை மணி ஆகிறது என்று அதை இழுப்பறையில் வைத்தாள், நான்காம் வாரம் என்ன நடந்தது என்பதே நினைவில்லை, ஒன்றும் நடக்கவில்லை, அதுதான் நடந்தது. முந்நூற்று இருபத்தாறு. கோடு தட்டை. நாலு நிமிடம் ஐம்பது நொடி.

தொலைபேசி. பத்ரிநாத். "மரகதம், மிஷினை நிறுத்தி வெச்சிருக்கீங்களாம்? அறுபது சாம்பிள் க்யூல நிக்குது." "நிறுத்தல சார், ஓடுது. ஒரு குழந்தை சாம்பிளைப் பழைய முறையில போட்டிருக்கேன்." "பழைய முறையா? நாலரை நிமிஷ வேலைக்கு எதுக்குப் பதினெட்டு? ரயிலை விட்டுட்டு மாட்டுவண்டியில போற மாதிரி இருக்கே. அதுவும் நீங்க விட்ட ரயிலு!" அவர் சிரித்தார், கெட்டவர் இல்லை, நாளெல்லாம் மேலிடத்திலிருந்து எண்ணிக்கை கேட்டு நச்சரிக்கிறார்கள், சிரிப்பால்தான் காலம் தள்ளுகிறார். "சார், அந்தக் குழந்தைக்கு எலும்பு என்சைம் ஆயிரத்து நானூறு, இருக்க வேண்டியதுல மூணு மடங்கு. பாஸ்பரஸ் கீழ கெடக்கு. விட்டமின் டி மட்டும் நல்லா இருக்குன்னா நம்ப முடியல." "அந்தக் கவலை டாக்டரோடதுங்க மரகதம். நாம நம்பர் குடுக்கறவங்க." "நம்பரே தப்பா இருந்தா சார்?" "எப்ப முடியும்?" "பதினொண்ணு இருபத்தெட்டு." "சரி. அப்புறம் பேசலாம். ஆனா ஒண்ணு, அதுவரைக்கும் யாருகிட்டயும் வாயத் தெறக்காதீங்க." ரிசீவரை வைத்தாள். நாம் எண் கொடுக்கிறவர்கள். இருபத்தாறு வருடமாக அவளும் அதைத்தான் சொல்லிவந்தாள், புதிதாகச் சேரும் பெண்களுக்கு அதையே பாடமாக எடுத்தாள், கையெழுத்தில்லாமல் ஒரு எண்கூட இந்த அறையை விட்டு வெளியே போகக் கூடாது, வாய்வார்த்தையாக எதையும் சொல்லாதே, சந்தேகமிருந்தால் சொல்லாதே, பிரியாத கோட்டுக்கு எண் கிடையாது.

கண்ணாடித் தடுப்பை யாரோ தட்டினார்கள். மாதிரிகள் வாங்கும் சன்னலுக்கு அந்தப் பக்கம் ஒரு இளைஞன், கட்டம்போட்ட சட்டை, முடியில் பஞ்சுத் தூசி. சோமனூர்ப் பக்கம் விசைத்தறியில் வேலை என்று ரெஜினா காலையில் சொன்னது இவனைத்தான், குழந்தையின் அப்பா, பூபதி. "ஏனுங்க மேடம், மறுக்கா ரத்தம் வேணும்னு கேப்பீங்களா?" "இல்லைங்க, இருக்கறதை வெச்சுத்தான் பாத்துட்டிருக்கோம். கொஞ்சம் பொறுங்க." "இல்லீங்க, கேட்டா நான் தர்றேன், என்றதை எவ்வளவு வேணாலும் எடுத்துக்கோங்க. அவகிட்ட மட்டும் வேண்டாங்க. நேத்தைக்குக் குத்தறப்ப அழுதழுது மூச்சே போயிருச்சுங்க." பெரியவன் நீட்டுகிற கை. அவள் அந்தக் கையைப் பார்க்காமல் சன்னலின் விளிம்பைப் பார்த்தாள். அவன் உள்ளே எட்டி, தட்டிலிருந்த குப்பியின் ஒட்டுத்தாளைப் படித்தான். "அப்பறமுங்க, பேரு வெச்சாச்சுங்க அவளுக்கு. தன்யஸ்ரீ. இன்னும் அம்மா பேரைப் போட்டு கிருத்திகா குழந்தை, கிருத்திகா குழந்தைன்னே எழுதறீங்க." "கம்ப்யூட்டர்ல மாத்தணும்." "நாலு மாசமாச்சுங்க, ஆதார்ல கூட வந்துருச்சு," என்று சொல்லி அவன் சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. "நார்மல்னு நேத்து சொன்னாங்களே மேடம், டி விட்டமினு. அது நல்லதுதானுங்க?" "உக்காருங்க. பத்து நிமிஷம்," என்றாள். பொய் இல்லை. பதிலும் இல்லை. அவன் போய் இரும்பு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான், முழுசாக உட்கார்ந்தால் யாராவது ஏதாவது சொல்வார்கள் என்பதுபோல.

நார்மல். அந்தச் சொல்லை மின்தூக்கியிலும் கேட்டிருக்கிறாள். போன ஐப்பசி மழையில், எட்டு மாதக் குழந்தை ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு பெண், நந்தினி என்று அடையாளச்சீட்டில் இருந்தது, பக்கத்தில் நின்றவளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள், எல்லாமே நார்மல்னு வந்துருச்சுக்கா, முப்பத்தொண்ணாம், நான்தான் சும்மா பயந்துட்டேன். முப்பத்தொன்று அவள் கையெழுத்திட்டது. நினைவிருந்தது, பெருமையாகக்கூட இருந்தது, ஒரு தாயின் முகத்தில் தன் எண் வெளிச்சம் போடுவதை நேரில் பார்ப்பது எத்தனை பேருக்குக் கிடைக்கும். குழந்தை கையை நீட்டி அவள் புடவைத் தலைப்பைப் பிடித்தது. மணிக்கட்டு தடித்திருந்தது, உள்ளே ஒரு வளையல் போட்டாற்போல. கொழுகொழுவென்று இருக்கிறது என்று நினைத்தாள், கிள்ளி முத்தம்கூடக் கொடுத்தாள். இல்லை. கொழுப்பு அப்படி எலும்பைச் சுற்றி வளையமாக நிற்காது. மணிக்கட்டு அப்படித் தடிப்பது விட்டமின் டி குறைவால் என்று இளநிலைப் பாடத்திலேயே வரும், படம் போட்டு வரும். நெற்றி? நெற்றி புடைத்திருந்ததா? மழைக்குத் தொப்பி போட்டிருந்தார்கள். தொப்பி என்ன நிறம், நீலமா, நீலம்தான், அடச்சே, நிறம் எதற்கு இப்போது, ஆனால் மனம் தொப்பியின் நிறத்தையே சுற்றுகிறது, மணிக்கட்டுக்குத் திரும்ப மறுக்கிறது. முந்நூற்று ஐம்பத்தொன்று. ஒரே தாவலில் ஏன் இவ்வளவு ஏறியது? அவள் ஓட்டத்தின் வேகத்தை ஒரு இழை குறைக்கலாமா என்று சுட்டியின் மேல் கைவைத்தாள்; குறைத்தால் நேரக் கணக்கு மாறும், எது எப்போது வரும் என்பது குழம்பும், பின்னால் யாரும் இந்த ஓட்டத்தை ஏற்க மாட்டார்கள். குறைக்காவிட்டால் நானூறு. கையை எடுத்தாள். மீண்டும் வைத்தாள். சாகட்டும் கணக்கு. ஒரு புள்ளி குறைத்தாள்.

"மேடம்! ஓட்டத்துக்கு நடுவுல மாத்தறீங்க?" என்றாள் ரெஜினா, கன்னத்தில் கை வைத்து. "நாங்க யாராவது இப்படிப் பண்ணியிருந்தா இந்நேரம் பால்கனியிலிருந்து தூக்கிப் போட்டிருப்பீங்க." "பால்கனி இருக்கறது பத்ரி சார் ரூம்ல. அதுவரைக்கும் இழுத்துட்டுப் போகணும்." ரெஜினா சிரித்தாள், மரகதவல்லிக்கும் மூச்சு கொஞ்சம் இறங்கியது. முந்நூற்று நாற்பது. ஒன்பது நிமிடம். எதை வேண்டிக்கொள்வது என்பதே தெரியவில்லை என்பதுதான் வேதனை. இரண்டாகப் பிரிந்தால் கீழே இருக்கிற குழந்தைக்கு வழி பிறக்கும், மேலே இருப்பவளுக்கு இரண்டு வருடத்துக் கையெழுத்துகளும் அந்தக் கணமே சரியும். பிரியாமல் ஒரே மேடாக வந்தால் கையெழுத்துகள் நிற்கும், தன்யஸ்ரீ சென்னைக்குப் போவாள். ஒரே மேடாக வரட்டும் என்று ஒரு கணம், கண்ணிமைக்கும் நேரம், உள்ளே ஏதோ ஒன்று வேண்டிக்கொண்டதை அவள் பார்த்துவிட்டாள். கரப்பான்பூச்சியைப் பார்த்ததுபோல இருந்தது. அடிக்கவும் முடியவில்லை, எந்த இடுக்கில் போனது என்றும் தெரியவில்லை.

பத்தரை நிமிடத்தில் வர வேண்டியது வரவில்லை. வேகத்தைக் குறைத்ததால் தாமதமாகும், தெரியும். பத்து நிமிடம் நாற்பது நொடி. பத்து ஐம்பது. கோடு அசைந்தது, தரையைக் கீறிக்கொண்டு முளை கிளம்புவதுபோல, ஒரு சின்ன மேடு எழுந்தது, உச்சி தொட்டது, இறங்கத் தொடங்கியது, பாதி இறங்கும்போதே அதன் தோளிலிருந்து இன்னொன்று கிளம்பி அதைவிட உயரமாக, ஏறக்குறைய இரட்டிப்பாக, ஏறிப் போயிற்று. இரண்டு. ஐயமில்லாமல் இரண்டு. ஆனால் நடுவில் பள்ளம் தரைவரை இறங்கவில்லை. காய்ந்துபோன குழாயும் அவள் கலைத்த வேகமும் சேர்ந்து இரண்டையும் அடிவயிற்றில் ஒட்டவைத்துவிட்டன. பள்ளம் தரையைத் தொட்டால்தான் எண். இது அவளே எழுதிய விதி, எந்த ஆய்வாளர் வந்தாலும் முதலில் இதைத்தான் கேட்பார். அவள் கர்சரை நகர்த்தி முதல் மேட்டின் அடியில் கோடு போட்டாள், தாராளமாக, நகலுக்குச் சேர வேண்டியதையும் கொஞ்சம் உண்மைக்கே கொடுத்து. பதினொன்று. கஞ்சத்தனமாகப் போட்டாள். எட்டு. எட்டுக்கும் பதினொன்றுக்கும் நடுவில் எங்கோ. இருபதுக்குப் பக்கத்தில்கூட வராது, எப்படி இழுத்துப் பிடித்தாலும் வராது. சரியான எண் என்னிடம் இல்லை, தவறான எண் எது என்று மட்டும் தெரியும் என்று நினைத்தாள், இந்த வேலையில் சேர்ந்த நாளிலிருந்து இப்படி ஒரு வாக்கியத்தை அவள் நினைத்ததே இல்லை. பதினொன்று இருபத்திரண்டு. ஓட்டம் முடிய இன்னும் ஆறு நிமிடம் இருந்தது. கழுவுவதற்கான நேரம் அது; அதில் எதுவும் வராது. ரிசீவரை எடுத்தாள்.

"நஸ்ரீன், மரகதம் பேசறேன், லேப்லேருந்து. கிருத்திகா குழந்தை." எதிர்முனையில் வார்டின் இரைச்சல், யாரோ பால் பாட்டில் கேட்கிறார்கள். "சொல்லுங்க மேடம், பேப்பரெல்லாம் ரெடி, கிளம்பப்போறாங்க." "அனுப்பாதீங்க. விட்டமின் டி இருபத்தாறு இல்லை. பதினொண்ணுக்கு மேல இல்லை." "என்னது?" "பதினொண்ணுக்கு மேல கண்டிப்பா இல்லை. எட்டாக்கூட இருக்கலாம்." "மேடம், எட்டா பதினொண்ணா? ரிப்போர்ட் அனுப்புங்க, நான் அதை வெச்சு ஆரம்பிக்கறேன்." "ரிப்போர்ட் வராது நஸ்ரீன். இந்த ஓட்டத்துல நான் கையெழுத்துப் போட முடியாது. இது என் வாய்வார்த்தை." நஸ்ரீன் கையிலிருந்த காகிதங்களை மேசையில் போடும் சத்தம் கேட்டது. முப்பத்தாறு வயதுப் பெண், நேற்றிரவு வீட்டுக்குப் போகவில்லை. "வாய்வார்த்தையா? நீங்களா? கமா ஒண்ணு தப்பா இருந்தாலே திருப்பி அனுப்பறவங்க." "அதே ஆளுதான்." "அப்ப நேத்து இருபத்தாறு எப்படி வந்துச்சு? மெஷின் கோளாறா?" சொல்லிவிடலாம். ஆமாம் என்று ஒரு சொல். யாரும் கருவியைத் திட்டுவதில்லை, சர்வீஸுக்கு ஆள் வருவான், தேநீர் குடிப்பான், போவான். அந்த ஒரு சொல் நாக்கின் நுனியில் சர்க்கரை மாதிரிக் கரைந்துகொண்டிருந்தது. "மெஷின் நல்லாத்தான் இருக்கு. முறை தப்பு. சின்னக் குழந்தைங்களுக்கு அந்த முறை ஆகாது. முறை நான் உண்டாக்கினது." வார்டில் பால் பாட்டில் கிடைத்துவிட்டது போல, அழுகை ஒன்று சட்டென்று நின்றது. "சரி," என்றாள் நஸ்ரீன், "வண்டியை நிறுத்தறேன். மருந்தை இப்பவே ஆரம்பிக்கறேன், சாயங்காலம் கால்சியம் பாத்துக்கலாம்." பிறகு, குரலைத் தாழ்த்தி, "மேடம், நான் மத்த குழந்தைங்களுக்கும் அதை நம்பித்தானே..." "தெரியும்," என்றாள் மரகதவல்லி. "அதை நான் பாத்துக்கறேன். நீங்க இவளைப் பாருங்க."

நேற்றைய அறிக்கையைத் திறந்து, திருத்தம் என்ற பொத்தானை அழுத்தினாள். காரணம் தேர்ந்தெடுக்கவும் என்றது கணினி: எழுத்துப் பிழை, மாதிரி மாறியது, மாதிரி கெட்டுவிட்டது, கருவிக் கோளாறு. அவளுடைய காரணம் அந்தப் பட்டியலில் இல்லை. மற்றவை என்பதை அழுத்தி, கிடைத்த சின்னக் கட்டத்தில், நலம் போன்ற சொல் எதுவும் வராமல் பார்த்துக்கொண்டு, ஒரே வாக்கியமாக எழுதினாள்: இந்த முறை ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குப் பொருந்தாது, இந்த எண்ணை நம்ப வேண்டாம். பத்ரிநாத்தின் எண் தொலைபேசியில் மின்னி மின்னி அடங்கியது. அடுத்த பக்கம் திறந்தது. இதே காரணத்தால் வேறு அறிக்கைகளும் பாதிக்கப்பட்டுள்ளனவா? இல்லை என்பதில் புள்ளி முன்கூட்டியே வைக்கப்பட்டிருந்தது, வேலை மிச்சமாகட்டும் என்று யாரோ நல்லெண்ணத்தில் வைத்தது. அவள் புள்ளியை நகர்த்தினாள். பதிவு எண்களை ஒவ்வொன்றாக உள்ளிடவும் என்றது திரை.

"ரெஜினா, அந்த நாற்காலியை இழுத்துப் போட்டுக்கிட்டு இங்க வா. ரெண்டு வருஷத்துக் குழந்தைங்க பதிவேட்டை எடு. நீ படி, நான் அடிக்கறேன்."

"எல்லாத்தையுமா மேடம்? எத்தனை இருக்கும்?"

"படி."